ஜெர்மனி லைனும் கவுஸ் பாயின் ஷூவும்

ஒரே ஒரு ஜன்னலை மட்டும் துடைத்துவிட்டு எழுந்து வரத் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் பிறக்கவில்லை.

வேலூரில் எங்கள் அம்மா நர்ஸ். விடுமுறை நாளில், "அந்த மேல்தட்ட மட்டும் ஒதுக்கிட்டு வர்றேன்" என்று முக்காலி போட்டு ஏறுவார். சாயங்காலம் பார்த்தால் நாங்கள் எல்லோரும் தெருவில் கட்டில்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம். வீட்டுச் சாமான் மொத்தமும் எங்களைச் சுற்றி நிற்கும். "இன்னா சிஸ்டர், வீடு காலி பண்றீங்களா?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள். பழையது எதைப் பார்த்தாலும் அம்மாவுக்கு ஆகாது. ஒருமுறை அப்பாவின் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசு வரை போய்த் திரும்பின. அப்பா ஒரு வாரம் அம்மாவிடம் பேசவில்லை. (அம்மா அதைக் கவனிக்கவில்லை, அடுத்த அலமாரியில் இருந்தார்.)

அந்தக் குணம் எனக்கு அப்படியே வந்தது. மூக்கு அப்பா மாதிரி, இது அம்மா மாதிரி.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏசி போட்ட சின்ன அறை ஒன்றைக் கொடுத்தார்கள். (ஏசி எனக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.) அந்த அறைக்குள் யாரும் செருப்பு போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். தோல் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பது வெளியே சொன்ன காரணம். ஷூ கம்பெனியில் எல்லோரையும் வெறுங்காலோடு நிற்கவைக்கும் அதிகாரம் ஒருத்திக்கு இருக்கிறதே என்ற கர்வம் உள்ளே இருந்த காரணம்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. தபால் ஆபீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஷூக்களை வாங்கும் ஜெர்மனி கம்பெனியிலிருந்து ஆர்டர், அளவு, திருத்தம், 'சரக்கை ஏற்றலாம்' என்ற 'ரிலீஸ்' உத்தரவு எல்லாம் கடிதம் கடிதமாக வந்து அதில் விழும். லைன் அறுந்தால் கடிதங்கள் புறப்பட்ட இடத்திலேயே காத்திருக்கும், ஒன்றுகூடத் தொலையாது. வழியில் யாரும் படித்துவிட முடியாதபடி லைனுக்குப் பூட்டு உண்டு. லைன் தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சர்ட்டிபிகேட்டை நீட்ட வேண்டும். இவர்களுடையதை அவர்களும், அவர்களுடையதை இவர்களும் முன்பே வாங்கி வைத்திருந்தால்தான் கதவு திறக்கும்.

இந்த மென்பொருளிடம் ஒரு பழக்கம். யாருக்கு எந்தப் பெட்டியைத் திறக்க அனுமதி, எந்த சர்ட்டிபிகேட்டை நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் தொடங்கும்போது ஒருமுறை படித்து மனதில் வைத்துக்கொள்ளும். அதன்பிறகு நாம் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. 'ரெஃப்ரெஷ்' என்று கட்டளை கொடுத்தால்தான் மறுபடி படிக்கும். அதிலும் இரண்டு வகை. அனுமதிகளை மட்டும் ரெஃப்ரெஷ் செய்தால் ஓடுகிற லைனுக்கு ஒன்றும் ஆகாது. சர்ட்டிபிகேட்டுகளையும் சேர்த்து ரெஃப்ரெஷ் செய்தால், பூட்டுப் போட்ட லைன்கள் எல்லாம் நின்று, மறுபடி சர்ட்டிபிகேட்டை நீட்டி, அப்புறம்தான் ஓடும். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போனது அதனால்தான்.

இங்கே கவுஸ் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். ஒரு மாடல் முடிவானதும் ஒரு ஜோடி ஷூ செய்து, வாங்குபவரும் நாங்களும் கையெழுத்துப் போட்டு சீல் வைப்பது ஷூ தொழிலில் வழக்கம். வலது கால் ஜெர்மனிக்குப் போய்விடும். இடது கால் சாம்பிள் ரூமில் தங்கிவிடும். பின்னால் தகராறு என்று வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆக, கவுஸ் பாய் இடது கால்களின் ராஜா. சீல் வைத்த சரக்கை சிலிப் இல்லாமல் அவரிடமிருந்து யாராலும் வாங்க முடியாது.

சீசன் முடிந்த பிறகு சில வலது கால்கள் திரும்பி வரும். கழித்துவிட்ட அந்தக் குவியலிலிருந்து, ஏறக்குறைய ஒத்துப்போகிற ஒரு இடதையும் ஒரு வலதையும் பொறுக்கி கவுஸ் பாய் போட்டுக்கொள்வார். அப்போது அவர் போட்டிருந்தது, இடது காலில் குஞ்சம் வைத்த பழுப்பு ஷூ, வலது காலில் குஞ்சமில்லாத தேன் நிற ஷூ. யாராவது சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ரெண்டுமே எக்ஸ்போர்ட் குவாலிட்டி மேடம். உங்க கால்ல இருக்கறது இன்னா குவாலிட்டி?" என்று திருப்பிக் கேட்பார். நான் காலை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

ஜெர்மனி லைன் முதன்முதலாகப் போடப்பட்டபோது, எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் சர்ட்டிபிகேட்டை ஒரு சீடியில் எழுதி வைத்திருந்தார். இரண்டு கம்பெனியும் கையெழுத்துப் போட்ட சமாச்சாரம் என்பதால் எங்கள் முதலாளி ஹாஜியார், "சீல் வெச்சு கவுஸ்கிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். சீடி ஒரு ஷூ டப்பாவுக்குள் போய்ப் படுத்தது. நான் சேர்ந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டு வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு வட்டியோடு கட்டினேன்.

அந்தச் சமயத்தில் பழைய சர்ட்டிபிகேட் சீக்கிரமே காலாவதியாகவிருந்தது. புதியதைத் தயாரித்து கம்ப்யூட்டரில் ஏற்றியும் வைத்துவிட்டேன். ஜெர்மனியில் இந்த வேலையைப் பார்க்கும் டீட்டர் என்பவர் விடுமுறைக்கு மலைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து அவர் பக்கமும் ஏற்றிய பிறகு, இருவரும் பேசி வைத்துக்கொண்டு ரெஃப்ரெஷ் செய்வதாக ஏற்பாடு. அதுவரை மென்பொருள் மனதில் வைத்திருக்கும் பழைய சர்ட்டிபிகேட்டை வைத்தே லைன் ஓடும். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. புதியதை ஏற்றின கையோடு, 'பழசு எதுக்கு இங்க குப்பையா?' என்று பழையதை நான் அழித்தும்விட்டேன். அம்மா பெற்ற பிள்ளை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பேக்கிங் பிரிவில் நஸ்ரீன் என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஜெர்மனி கடிதங்களை அவள் பார்ப்பதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுத்து, அனுமதிகளை மட்டும் ரெஃப்ரெஷ் செய்தால் வேலை முடிந்தது. நான் ஜும்மா நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பாதிக் கம்பெனி தொழுகைக்குப் போய்விடும். மெஷின் சத்தம் அடங்கிவிடும். ஆம்பூரே சற்று மூச்சு விடுகிற அந்த நேரத்தைவிடப் பாதுகாப்பான நேரம் உண்டா என்று நினைத்தேன். நமக்கு மதியம் என்றால் ஜெர்மனியில் காலை, அவர்கள் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றைய கடிதங்களையெல்லாம் அனுப்பத் தொடங்குகிற நேரம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஷிப்பிங் பார்க்கும் முருகேசன் அண்ணன், குடியாத்தத்துக்காரர், கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். (செருப்பைக் கழற்ற சோம்பல்.)

"இன்னாம்மா ஸ்டெல்லா, இன்னா நோண்டினு இருக்க?"

"நஸ்ரீனுக்கு பர்மிஷன் குடுக்கறேண்ணா. ஒரு ரெஃப்ரெஷ். அவ்ளோதான்."

"லைன் கட்டாயிடப் போவுதும்மா. ஜெர்மனிலேர்ந்து ரிலீஸ் வரணும். கண்டெய்னர் கேட்டாண்ட நிக்குது. சாயங்காலம் கெளம்பலன்னா கப்பல் போய்டும். அப்புறம் சொந்தச் செலவுல ஏரோப்ளேன்ல அனுப்பணும். அடுத்த சீசன் ஆர்டரும் டவுட்டுதான்."

"லைன் ஓடினு இருக்கும்போதே பண்ணலாம்ணா. ஒரு கொசுகூட எழுந்திருக்காது."

சொன்னபடியே அனுமதிகளை மட்டும் ரெஃப்ரெஷ் செய்தேன். லைன் அசையவில்லை. நஸ்ரீன் போன் செய்து, "தெரியுது மேடம், தேங்க்ஸ்" என்றாள். கொசு எழுந்திருக்கவில்லை. வேலை முடிந்தது. அந்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து போய் டிபன் டப்பாவைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எழுந்திருக்கவில்லை. எப்படியும் உட்கார்ந்துவிட்டோம், எப்படியும் ரெஃப்ரெஷ் செய்துவிட்டோம், அந்த இன்னொன்றை மட்டும் ஏன் பாக்கி வைப்பது? ஒரு ஜன்னலைத் துடைத்தவளுக்கு அடுத்த ஜன்னலின் அழுக்கு கண்ணில் பட்டது. ஏற்பாடு, டீட்டர், மலை எதுவும் ஞாபகத்தில் இல்லை. எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், சர்ட்டிபிகேட் ரெஃப்ரெஷையும் அடித்தேன்.

ஜெர்மனி லைன் நின்றது. சரி, நிற்கும், மறுபடி ஓடும் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கம் புது சர்ட்டிபிகேட்டை நீட்டியது. ஜெர்மனி அதைப் பார்த்து, நீ யார் என்று கேட்டுக் கதவை மூடியது. மறுபடி நீட்டியது. மறுபடி மூடியது. அப்போதுதான் மலைமேல் இருக்கும் டீட்டரின் ஞாபகம் வந்தது. ஏசி அறையில் எனக்கு வேர்த்தது.

போன் அடித்தது. ஜெர்மனி ஆபீஸிலிருந்து ஹெல்கா என்ற அம்மையார். லைன் ஏன் நின்றது என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவர் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: டீட்டர் இல்லாமல் இங்கே யாரும் சர்ட்டிபிகேட்டைத் தொட முடியாது. உங்கள் பழையதை மறுபடி ஏற்றுங்கள். இன்று வெள்ளிக்கிழமை, நான் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுவேன். ரிலீஸில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. லைன் ஓடுகிறது என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"பழையதை ஏற்றுவது சுலபம்தானே?" என்றார்.

"ரொம்பச் சுலபம்" என்றேன். போனை வைத்துவிட்டு மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன். பழையது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருந்தது. சாம்பிள் ரூமில், ஷூ டப்பாவுக்குள்.

சாம்பிள் ரூம் பூட்டியிருந்தது. சாவி கவுஸ் பாய் பாக்கெட்டில். கவுஸ் பாய் ஜும்மாவில். செல்போன் அணைத்திருந்தது. முருகேசன் அண்ணனிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொசு எழுந்திருக்காதுன்னியேம்மா! யானையே எழுந்து நிக்குது! அந்தாளு ஜும்மா முடிஞ்சா நேரா பேரணாம்பட்டு பஸ்ஸுல ஏறிடுவாரு. மாமியார் வூட்டுச் சாப்பாடு. சாயங்காலம்தான் வருவாரு. வா, மசூதியாண்டயே புடிச்சிடலாம்."

அவருடைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். தொழுகை நடந்துகொண்டிருந்தது. "பின்னால ஒரு வாசல் கீது, நான் அங்க நிக்கிறேன். நீ இங்க பாத்துக்கோ. ஆள உட்றாத" என்று சொல்லிவிட்டு அண்ணன் மறைந்துவிட்டார்.

நான் தெருவில் நின்றேன். வாசலை ஒட்டி வெளியே செருப்புகள், செருப்புகள், மேலும் செருப்புகள். இந்தக் கூட்டம் மொத்தமாக வெளியே வந்தால் கவுஸ் பாயை எப்படிப் பிடிப்பது? எல்லோரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. பஸ் ஸ்டாண்ட் கூப்பிடு தூரம். கண்ணிமைத்தால் ஆள் பேரணாம்பட்டு. அப்போது கீழே பார்த்தேன். ஓரத்தில், குஞ்சம் வைத்த பழுப்பு ஒன்று, குஞ்சமில்லாத தேன் நிறம் ஒன்று. ஆயிரம் ஜோடிக்கு நடுவில் வைத்தாலும் தப்பாத ஜோடி.

எனக்கு மூளை பிரமாதமாக வேலை செய்வதாக நினைத்தேன். ஷூ இல்லாமல் மனிதர் எங்கே போவார்? இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சர்பத் கடையோரம் போய் நின்றேன். அப்போது பார்த்து வாசலில் ஒரு லாரி வந்து நின்றதால் (பாழாய்ப்போன லாரி) என் முகம் யாருக்கும் தெரியவில்லை. ஒளிந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. சர்பத் கடைக்காரர் என்னையும் என் நெஞ்சோடு அணைத்திருந்த ஷூக்களையும் பார்த்தார்.

"யாருதும்மா அது?"

"தெரிஞ்சவங்களுது."

"அவங்களுக்குத் தெரியுமா?"

நான் ஷூக்களை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்தது. கூட்டம் வெளியே வந்தது. லாரிக்கு அந்தப் பக்கம் கவுஸ் பாயின் குரல் கேட்டது: "அரே, என் ஷூ எங்க? இங்கதானே உட்டேன்!" யாரோ தேட, யாரோ குனிய, அதற்குள் யாரோ, "உன் ஷூவைக்கூட ஒருத்தன் திருடுவானா கவுஸ் பாய்?" என்று கேட்டுச் சிரிப்பு. அந்த நேரத்தில் லாரி நகர்ந்தது.

கட்டிங் பிரிவு முழுவதும் அங்கே நின்றது. தோலை அச்சில் இழுத்து ஒட்டும் லாஸ்டிங் பிரிவு முழுவதும் நின்றது. கணக்குப் பிரிவு படியில் நின்றது. அவர்களுக்கு எதிரில், கையில் கவுஸ் பாய் ஷூவோடு, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு நான் நின்றேன். ஒரு சிறுசு கையை நீட்டி, "அதோ, அந்த அக்காகிட்ட கீது!" என்று கத்தியது.

கூட்டம் வழிவிட, நடுவில் வந்தவர் ஹாஜியார். வயதானவர், சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா," என்றார், "நம்ம கம்பெனில வேல செய்ற பொண்ணுக்கு செருப்புக்கா பஞ்சம்?"

தெருவே சிரித்தது. சர்பத் கடைக்காரர் எல்லோரையும்விடக் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானம் ஒரு பக்கம். கேட்டாண்டை நிற்கும் கண்டெய்னர் மறுபக்கம். "ஹாஜியார், சர்ட்டிபிகேட் மாறிப்போச்சு, ரெஃப்ரெஷ், க்யூ, டீட்டர், மலை..." என்று என்னென்னவோ உளறினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினேன்.

"நம்ம லைன் இப்டி ஆயிடுச்சுங்க. இந்த லெஃப்ட் நம்முது, புதுசு. இந்த ரைட் ஜெர்மனியுது, பழசு. காலைல வரைக்கும் ஜோடியா இருந்திச்சு. நான்தான் ஒரு காலை மாத்திட்டேன். அவங்க ஜோடி சேரலன்னு கதவச் சாத்திட்டாங்க. நம்ம பழைய லெஃப்ட் சாம்பிள் ரூம்ல இருக்கு. கண்டெய்னர் போவணுங்க."

ஹாஜியாருக்கு உடனே புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஜோடி சேர்த்த மனிதர், இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "கவுஸ்! உன் கால் மாதிரியே கம்பெனிய ஆக்கி வெச்சிருக்கா இந்தப் பொண்ணு. ஏறு வண்டில" என்றார்.

ஹாஜியாரின் அம்பாசிடரில் முன்னால் நான். பின்னால் ஹாஜியார், பக்கத்தில் வெறுங்காலோடு கவுஸ் பாய். வண்டி நகர்ந்ததும் கவுஸ் பாய் தொண்டையைக் கனைத்தார்.

"சீல் வெச்ச சரக்கு, ஹாஜியாரே. சிலிப் வேணும்."

"நானேதான்டா கேக்கறேன்."

"யார் கேட்டாலும் சிலிப்புன்னு ரூல் போட்டதே நீங்கதான்."

ஹாஜியார் என்னிடம் பேனா வாங்கினார். கவுஸ் பாய் சட்டைப் பையிலேயே சிலிப் புத்தகம் வைத்திருந்தார். (சாவிக்குப் பக்கத்தில் அதுவும் தொழுகைக்குப் போய் வந்திருக்கிறது.) பொருளின் பெயர் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"மேடம், சீடி லெஃப்ட்டா ரைட்டா?"

"சீடிக்கு ஏதுங்க லெஃப்ட்டு ரைட்டு?"

"அந்தக் கட்டத்த காலியா உடக்கூடாது."

"லெஃப்ட்டுன்னு போட்றா" என்றார் ஹாஜியார். "ரைட்டு ஜெர்மனில கீது."

சாம்பிள் ரூமில் டப்பா கிடைத்தது. சீல் உடைந்தது. சீடி கைக்கு வந்தது. எல்லோரும் என் அறையை நோக்கி ஓடினோம். பின் வாசலில் காவல் காத்துக் களைத்த முருகேசன் அண்ணனும் அதற்குள் வந்து சேர்ந்தார். அறை வாசலில் கவுஸ் பாய் என் தோளைத் தொடாமல் தொட்டுக் கூப்பிட்டார்.

"மேடம், இப்பவாச்சும் குடுத்துடுங்க."

அப்போதுதான் பார்த்தேன். ஷூ இன்னும் என் அக்குளில் இருந்தது. மசூதியிலிருந்து, காரில், சாம்பிள் ரூம் போய்வந்து, இவ்வளவு தூரமும் அதை நான் விடவேயில்லை. கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தார். என் வாய் சும்மா இருந்ததா?

"பாய், செருப்பு வெளிய."

கவுஸ் பாய் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கழற்றினார். ஆனால் வெளியே விடவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

பழைய சர்ட்டிபிகேட்டை ஏற்றினேன். பின்னால் முதலாளி, ஷிப்பிங், சாம்பிள் ரூம் என்று வரிசையாக வெறுங்கால்கள். இன்னொரு முறை அதே ரெஃப்ரெஷை அடிக்க வேண்டும். இந்த முறை சிலுவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். "இயேசப்பா" என்று முணுமுணுத்தேன். "பிஸ்மில்லா சொல்லி அடிம்மா" என்றார் ஹாஜியார். "முருகா" என்றார் அண்ணன். அடித்தேன்.

எங்கள் பக்கம் பழைய சர்ட்டிபிகேட்டை நீட்டியது. ஜெர்மனி பார்த்தது. கதவு திறந்தது. லைன் ஓடியது. லைன் நின்றதிலிருந்து அந்தப் பக்கம் காத்துக்கிடந்த கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. போனில் ஹெல்கா அம்மையார், "என் கைப்பை ஏற்கெனவே தோளில் இருக்கிறது, தெரியுமா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். ரிலீஸ் வந்தது. முருகேசன் அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்காலோடு கேட்டை நோக்கி ஓடினார். அந்தி சாய்வதற்குள் கண்டெய்னர் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது என்று கேட்டபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது, அழுதேன். வேலை போனாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. கப்பலை விட்டிருந்தால் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

எல்லோரும் போன பிறகு ஹாஜியார் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. அந்தப் பொண்ணுக்கு பர்மிஷன் குடுத்து முடிச்சிட்ட. அப்புறம் அந்த இன்னொன்ன எதுக்கு அடிச்ச?"

"எப்படியும் உக்காந்துட்டோமேன்னு..."

அவர் பெருமூச்சு விட்டார். "எங்க வூட்லயும் ஒருத்தி கீறா. ஒரு பீரோவ தொறந்தான்னா ராத்திரி நாங்க மொட்டை மாடில படுக்கணும். போ, போய் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை போகவில்லை. சாம்பிள் ரூமுக்கு இரண்டாவது சாவி செய்து முருகேசன் அண்ணனிடம் கொடுத்ததோடு விசாரணை முடிந்தது. டீட்டர் மலையிலிருந்து இறங்கிய பிறகு, பேசி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஏற்றி, ஒழுங்காக ரெஃப்ரெஷ் செய்தோம். புது சர்ட்டிபிகேட் எழுதிய சீடியை நானே ஷூ டப்பாவில் வைத்து, சீல் போட்டு, லெஃப்ட் என்று எழுதி, கவுஸ் பாயிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ரசீது கொடுத்தார்.

சமாச்சாரம் எனக்கு முன்னால் வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வரும் யாரோ ஆஸ்பத்திரியில் யாரிடமோ சொல்ல, அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் வராததுமாக, "மசூதி வாசல்ல செருப்பு திருடினியாமே?" என்று கேட்டார். நான் நடந்ததையெல்லாம் விளக்கினேன். அம்மா கவனமாகக் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரி, பழசை அழிச்சதுல இன்னாடி தப்பு?" என்றார். அப்பா எழுந்து போய்த் தன் சர்ட்டிபிகேட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தார்.

என் கல்யாணத்துக்கு ஆம்பூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். விருந்து மண்டபத்தில் எல்லோரும் காலணியை வெளியே விட்டுவிட்டு உள்ளே வர, கவுஸ் பாய் மட்டும் தன் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்க, முருகேசன் அண்ணன் மைக் இல்லாத குறையாக முழுக் கதையையும் சொன்னார். கம்பெனி சார்பில் ஹாஜியார் ஒரு ஷூ டப்பா கொடுத்தார். திறந்தால் அழகான லேடீஸ் ஷூ, இடது கால் மட்டும். நான் திகைத்து நிற்க, என் கணவர் கையில் இன்னொரு டப்பாவைக் கொடுத்தார். அதில் வலது கால்.

"ஜோடி மாத்தாம வெச்சிக்கங்க" என்றார்.

அந்த ஷூ தேய்ந்து போய்விட்டது. கதை தேயவில்லை. இன்றைக்கும் நான், "அந்த ஒரு தட்ட மட்டும் ஒதுக்கிட்டு வர்றேன்" என்று முக்காலியை இழுத்தால், என் கணவர் எழுந்து வாசலுக்குப் போவார். தன் செருப்பு, என் மகளின் செருப்பு, வந்திருக்கும் விருந்தாளியின் செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.